32 ஊராட்சிக்கு ஒரே கையெழுத்து: உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் கிராமத்தில் என்ன நடக்கும்?

ஊரில் குடிநீர் மோட்டார் புகைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கழற்றி டவுனுக்கு அனுப்ப வேண்டும், காயில் கட்டப் பணம் வேண்டும். ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருந்தால், காலை ஆறு மணிக்கே நாலு பேர் குடத்தோட அவர் வாசல்ல நிப்பாங்க. கைக்காசைப் போட்டோ கடைக்காரரிடம் கடன் சொல்லியோ சாயங்காலத்துக்குள் தண்ணீரை விட்டாக வேண்டிய நெருக்கடி அவருக்கு. அடுத்த தேர்தலில் அந்த நாலு பேரிடம்தானே ஓட்டுக் கேட்கப் போக வேண்டும்!

தலைவர் இல்லாத ஊரில்? "பிடிஓ ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்பதுதான் பதில்.

தமிழ்நாட்டில் 28 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியுடன் முடிந்தது. இவர்கள் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் நடந்த தேர்தலில் வென்றவர்கள். அன்று தேர்தல் நடந்தது 9,624 கிராம ஊராட்சித் தலைவர் பதவிகளுக்கு. வார்டு உறுப்பினர்கள், ஒன்றியக் கவுன்சிலர்கள், மாவட்டக் கவுன்சிலர்கள் எல்லாரையும் சேர்த்தால் 91,975 பதவிகள். இத்தனை பேரின் இடத்தில் தனி அலுவலர்கள் நியமிக்கப்பட்டார்கள். கிராம ஊராட்சிகளுக்கு அந்தப் பொறுப்பு வட்டார வளர்ச்சி அலுவலரிடம், அதாவது பிடிஓவிடம் போனது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. மாநிலத்தில் மொத்தம் 12,525 கிராம ஊராட்சிகள், 388 ஊராட்சி ஒன்றியங்கள். வகுத்துப் பார்த்தால் ஒரு ஒன்றியத்துக்குச் சராசரியாக 32 ஊராட்சிகள். ஏற்கெனவே திட்டப் பணிகள், ஆய்வுக் கூட்டங்கள், கலெக்டர் ஆபீஸ் அழைப்புகள் என்று ஓடிக்கொண்டிருக்கும் ஒரு அதிகாரி, 32 ஊருக்கும் தலைவர். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் எந்த ஊரில் நின்று பதில் சொல்வார்?

சட்டம் என்ன சொல்கிறது?

அரசமைப்புச் சட்டத்தின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்புறத்துக்கான 74-வது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1-இல். இவை கொண்டுவந்த முக்கியமான பாதுகாப்பு, ஐந்தாண்டுப் பதவிக்காலம். 243-இ பிரிவு ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறது: ஐந்து ஆண்டுகள், அதற்கு மேல் கிடையாது, பதவிக்காலம் முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல். பதவிக்காலம் முடிந்த பிறகு அதிகாரிகளை வைத்து ஓட்டலாம் என்று அந்தப் பிரிவில் ஒரு வரிகூட இல்லை. 'தனி அலுவலர்' என்பது மாநிலச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து போட்ட ஒட்டு.

உச்ச நீதிமன்றமும் இதைச் சொல்லிவிட்டது. கிஷன்சிங் தோமர் - அகமதாபாத் மாநகராட்சி வழக்கில் 2006-இல் வந்த தீர்ப்பு, மறுவரையறை வேலையைக் காரணம் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது, நேரத்துக்குத் தேர்தல் நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கடமை என்றது. அப்படியும் ஒவ்வொரு முறையும் அரசுகள் கையில் எடுப்பது அதே காரணத்தைத்தான்: மறுவரையறை முடியவில்லை, நகராட்சியோடு ஊராட்சிகளை இணைக்கிறோம், இடஒதுக்கீட்டுப் பட்டியல் தயாராகவில்லை.

எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை, இடஒதுக்கீடு அறிவிக்கையில் குறை இருக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டது அப்போது எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தலை நடத்தியிருக்கலாம். அ.தி.மு.க. அரசு மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. தனி அலுவலர்களின் காலத்தை ஆறு ஆறு மாதமாகச் சட்டமன்றத்தில் நீட்டிக்கொண்டே போனது. அன்று அதைக் கடுமையாகச் சாடிய தி.மு.க. ஆட்சியில் இருக்கும்போது, 2025 ஜனவரியில், மீண்டும் தனி அலுவலர்கள் வந்தார்கள். நகரங்களின் கதை இன்னும் மோசம். 2016 அக்டோபரில் முடிந்த பதவிக்காலத்துக்கு அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-இல்தான் நடந்தது. முழுசாக ஒரு கவுன்சில் காலமே காணாமல் போனது. கொரோனாவின் இரண்டு அலைகளையும் தமிழ்நாட்டு நகரங்கள் கவுன்சிலர் இல்லாமல்தான் கடந்தன.

பழைய கணக்கைப் புரட்டினால் இது பரம்பரை வியாதி என்று தெரியும். 1970-க்குப் பிறகு ஊராட்சித் தேர்தல் 1986-இல்தான். மஸ்டர் ரோல் ஊழல் புகாரை அடுத்து 1973-இல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக்கு அடுத்த கவுன்சில் 1996-இல் வந்தது. 23 ஆண்டுகள்! 1688-இல் தொடங்கிய மாநகராட்சி என்று பெருமை பேசும் ஊரில் ஒரு தலைமுறையே கவுன்சிலரைப் பார்க்காமல் வளர்ந்தது. உத்திரமேரூர் குடவோலைக் கல்வெட்டை மேடைக்கு மேடை சொல்கிறோம். (நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்கள் மட்டுமே பங்கேற்ற பிராமண சபை அது என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை, அது வேறு கதை.)

மூன்றாம் இடத்தில் இருக்கிறோமே, பிறகு என்ன குறை?

நியாயமான கேள்வி. மத்திய ஊராட்சி அமைச்சகம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட அதிகாரப் பகிர்வுக் குறியீட்டில் கர்நாடகம் முதலிடம், கேரளம் இரண்டாம் இடம், தமிழ்நாடு மூன்றாம் இடம். 'பணிகள்' என்ற தலைப்பில் தமிழ்நாட்டுக்கே முதலிடம். ஆனால் தேதியைக் கவனியுங்கள். அந்தப் பட்டியல் வந்தபோது தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லாமல் ஒரு மாதம் ஆகியிருந்தது. முதலிடம் பிடித்த கர்நாடகத்திலோ தாலுகா, மாவட்டப் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் 2021-இல் முடிந்து தேர்தல் நடக்கவே இல்லை. பெங்களூரு மாநகராட்சியும் 2020 செப்டம்பரிலிருந்து கவுன்சில் இல்லாமல்தான் இருந்தது. அதிகாரத்தைக் காகிதத்தில் எவ்வளவு பகிர்ந்திருக்கிறோம் என்பதைக் குறியீடு அளக்கலாம். அந்த அதிகாரத்தை வாங்கிக்கொள்ள எதிரில் ஆள் இருக்கிறாரா என்பது தனிக் கேள்வி.

கேரளத்தை ஒப்பிடுவது நமக்குப் பழகிப்போன ஒன்று, சிலருக்குச் சலிப்பாகவும் இருக்கும். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அங்கே 1995 முதல் ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் நடந்துகொண்டே இருக்கிறது. கொரோனா உச்சத்தில் இருந்த 2020-இல்கூட ஒரு மாதச் சொச்சம்தான் தள்ளிப்போனது. டிசம்பரில் நடத்தி முடித்தார்கள். 1996-இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில் மாநிலத் திட்ட நிதியின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. அங்கே கிராமப் பஞ்சாயத்துகள் 941 மட்டுமே, ஒவ்வொன்றிலும் சராசரியாக 20 ஆயிரம் பேருக்கு மேல். ஆபீஸ், ஊழியர்கள் எல்லாம் இருக்கும். நம்மிடம் 12,525. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் ஊரக மக்கள் சுமார் 3.72 கோடி; ஒரு ஊராட்சிக்கு 3,000 பேர்கூடத் தேறாது. பெரும்பாலான ஊராட்சிகளில் முழுநேர அலுவலக ஊழியர் என்றால் ஊராட்சிச் செயலர் ஒருவர்தான். அவரும் பாதி நாள் யூனியன் ஆபீஸில் இருப்பார். ஊராட்சி சின்னதாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு, தலைவர் கூப்பிடு தூரத்தில் இருப்பார். அந்த நன்மையும் தலைவர் இருந்தால்தானே?

யார் கையெழுத்துப் போடுவது?

தேர்தல் நேரத்துக்கு நடந்துவிட்டாலே எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. உள்ளாட்சி பற்றிய பேச்சு வந்தாலே 11-வது அட்டவணையின் 29 துறைகளையும் கொடு என்ற கோரிக்கையில் போய் நிற்கும். அது சரியான கோரிக்கைதான். ஆனால் ஊராட்சி அலுவலகத்துக்குள் போய்ப் பார்த்தால், சண்டை நடப்பது 29 துறைகளுக்காக இல்லை. செக்கில் விழ வேண்டிய இரண்டாவது கையெழுத்துக்காக.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இன்படி, கிராம ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை ஊரே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறது. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊழலைத் தடுக்க இரண்டு கையெழுத்து நல்லது என்று மேலோட்டமாகப் பார்த்தால் தோன்றும்.

தலைவர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊரில் இது எப்படி வேலை செய்யும்? வார்டுகளில் பெரும்பாலானவை ஆதிக்க சாதியினர் கையில். துணைத் தலைவர் அவர்களில் ஒருவர். தூய்மைப் பணியாளர் சம்பளம், தெருவிளக்கு, பிளீச்சிங் பவுடர் எதற்குமே அவர் கையெழுத்துப் போட மாட்டார். "எங்களைக் கேட்காம எப்படி?" என்பார். பணம் கணக்கில் இருக்கும், வேலை நடக்காது. ஆறு மாதம் கழித்து 'இந்தத் தலைவர் வந்ததிலிருந்து ஊருக்கு ஒண்ணும் நடக்கலை' என்று பேச்சு கிளம்பும். நாற்காலி தராதது, கொடி ஏற்ற விடாதது போன்ற அவமானங்கள் செய்தியாகின்றன. கையெழுத்து மறுப்பு பெரும்பாலும் ஆகாது. ஆனால் ஒரு தலைவரை முடக்கிப்போட அது போதும். இப்போது பல கணக்குகளில் காகித செக் போய் டிஜிட்டல் கையொப்பம் வந்துவிட்டது. 'இன்னொருவரின் ஒப்புதல்' என்ற பிடி அப்படியேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த டிஜிட்டல் சாவியும் பாஸ்வேர்டும் வேறொருவர் சட்டைப்பையில் இருந்தால் தலைவருக்கே தெரியாமல் பணம் போகும்.

இடஒதுக்கீட்டை ஊர்கள் எப்படி எதிர்கொண்டன என்பதை மறந்துவிடக் கூடாது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவருடன் இருந்த ஐந்து பேரும் 1997 ஜூன் 30-இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஊராட்சிகளில் 1996-லிருந்து பத்தாண்டுகள் ஒழுங்காகத் தேர்தலே நடக்க முடியவில்லை, 2006-இல்தான் நடந்தது. பதவியைத் தடுக்க முடியாமல் போன இடத்தில், பதவிக்குள் இருக்கும் அதிகாரத்தைத் தடுக்கும் வழியாக இந்தக் கையெழுத்து வந்து நிற்கிறது.

பெண் தலைவர்கள் விஷயத்தில் இதன் இன்னொரு வடிவம். 2019 தேர்தலிலிருந்து 50 சதவீத இடங்கள் பெண்களுக்கு. 'பிரசிடெண்ட் வீட்டுக்காரர்' என்ற பதவி எந்தச் சட்டத்திலும் கிடையாது, ஆனால் எல்லா ஊரிலும் உண்டு என்று கிண்டலடிக்கிறோம். அதிகாரிகளே அவர்கள் கணவர்களுக்குத்தான் போன் போடுகிறார்கள் என்பதைச் சொல்வதில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் திணறி, மூன்றாம் ஆண்டில் ஃபைலைத் தானே படித்துக் கேள்வி கேட்கத் தொடங்கிய பெண்கள் நிறையப் பேர். அவர்கள் கற்றுக்கொண்டதை வைத்து இரண்டாம் முறை நிற்கலாம் என்றால், தேர்தலே இல்லை.

இரண்டு கையெழுத்துச் சண்டை முற்றினால் அடுத்து வருவது கலெக்டர். 203-வது பிரிவின்படி அவசர அதிகாரத்தைப் பயன்படுத்திக் கணக்கை இயக்கும் பொறுப்பை பிடிஓவிடம் கொடுத்துவிடலாம். தவறு யார் பக்கம் என்றாலும், அதிகாரத்தை இழப்பது மக்கள் ஓட்டுப் போட்ட தலைவர். இன்னும் மேலே போனால் 205-வது பிரிவு. ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் கலெக்டர் நோட்டீஸ் கொடுத்து, விளக்கம் வாங்கி, தாசில்தாரை வைத்து உறுப்பினர்களின் கருத்தைக் கேட்டு, தலைவரையே பதவியிலிருந்து நீக்க முடியும். ஒரு எம்.எல்.ஏ.வைக் கலெக்டர் நீக்கலாம் என்று சட்டம் எழுதினால் சும்மா இருப்போமா?

ஊழல் செய்தால் என்ன செய்வது?

செய்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. தலைவர் பதவியே ஏலம் போன ஊர்கள் உண்டு. போட்ட காசை எடுக்காமல் விடுவார்களா? ஆனால் தனி அலுவலர் காலத்தில் ஊழல் குறைகிறது என்று நம்பவும் காரணம் இல்லை. கேள்வி கேட்க வார்டு உறுப்பினரும் இல்லை, தலைமை தாங்கத் தலைவரும் இல்லாத கிராம சபையில் வரவு செலவு வாசித்தால் யாருக்குப் புரியும்? ஆண்டுக்கு நாலாக இருந்த கிராம சபையை 2022-இல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களையும் சேர்த்து ஆறாக்கினார்கள். நவம்பர் 1-க்கு உள்ளாட்சி நாள் என்று பெயர். உள்ளாட்சி நாளைத் தனி அலுவலரை வைத்துக் கொண்டாடுவது கொஞ்சம் நெருடத்தான் செய்கிறது.

பண நஷ்டமும் இருக்கிறது. 15-வது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை நாடு முழுவதும் ஊரக உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிய தொகை 2,36,805 கோடி ரூபாய். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருந்தால்தான் இந்த மானியம் என்பது நிபந்தனை. 2016-க்குப் பிந்தைய தனி அலுவலர் காலத்திலும் மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்ட அனுபவம் தமிழ்நாட்டுக்கு உண்டு. இந்த மானியத்திலும் 60 சதவீதம் குடிநீர், சுகாதாரம் என்று கட்டிப்போட்ட பணம். மாநில நிதி ஆணைய மானியத்திலோ தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின் கட்டணம், கூட்டுக் குடிநீர்த் திட்டக் கட்டணம், சம்பளம் போனால் மிச்சம் சொற்பம். ஒரு எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதியாக ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் கைவசம் வைத்திருக்கிறார். பல கிராம ஊராட்சித் தலைவர்களுக்குச் சொந்த முடிவில் செலவு செய்ய மிஞ்சுவது சில லட்சம்.

தொடர்ச்சியும் கையெழுத்தும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை ஊராட்சியைப் பார்க்கலாம். 1996 முதல் பத்தாண்டுகள் ஆர்.சண்முகம் தலைவர். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சத்தோடு வங்கியில் 1.15 கோடி ரூபாய் கடன் வாங்கி, 2006-இல் உடுமலைப் பக்கம் 350 கிலோவாட் காற்றாலை நிறுவினார்கள். ஊருக்குத் தேவையானது போக மீதி மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றார்கள். ஓர் ஊராட்சி வங்கிக் கடன் வாங்கிக் காற்றாலை வைக்கும் என்று எந்தத் திட்ட வழிகாட்டியிலும் இருந்திருக்காது. அடுத்த ஆண்டு பதவி இருக்குமா, துணைத் தலைவர் கையெழுத்துப் போடுவாரா என்று தெரியாதவர் இப்படி ஒரு கடனைத் தொடவே மாட்டார்.

என்ன மாற்றலாம்?

முதலாவது, மறுவரையறை. இப்போது இது 2017 சட்டப்படி அமைந்த தனி ஆணையத்தின் வேலை. இடஒதுக்கீட்டு அறிவிக்கை அரசின் கையில். தேர்தல் மட்டும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடம். மூன்று பேரில் ஒருவர் தாமதித்தாலும் தேர்தல் நிற்கும், யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மறுவரையறை, இடஒதுக்கீடு இரண்டையும் மாநிலத் தேர்தல் ஆணையத்திடமே கொடுத்துவிடலாம் என்று இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-லேயே சொல்லிவிட்டது. இதோடு இன்னொன்றும் வேண்டும்: பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும் நாளில் எல்லை எப்படி இருக்கிறதோ அந்த எல்லையிலேயே தேர்தல். அதற்குப் பிறகு எந்த ஊராட்சியை எந்த நகராட்சியோடு இணைத்தாலும் அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்ளட்டும்.

கையெழுத்துக்கு வருவோம். கர்நாடகத்தில் தலைவரும் பஞ்சாயத்து வளர்ச்சி அதிகாரியும் சேர்ந்து கையெழுத்திடுகிறார்கள். இங்கே துணைத் தலைவருக்குப் பதில் செயலர் என்று மாற்றலாம் என்ற யோசனை நெடுநாளாக இருக்கிறது. எனக்கு அதில் தயக்கம் உண்டு. நம் செயலர் பிடிஓவுக்குப் பயப்படுகிறவர். சாதிக்காரர் பிடியிலிருந்து எடுத்து யூனியன் ஆபீஸ் பிடியில் கொடுத்ததாகத்தான் முடியும். அதைவிட எளிய வழி ஒன்று: ஊராட்சிக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறிய செலவுக்குத் துணைத் தலைவர் 15 நாளில் கையெழுத்திட வேண்டும், அல்லது மறுப்பை எழுத்தில் காரணத்தோடு தர வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் உறுப்பினர்களில் வேறொருவர் கையெழுத்திடலாம். சம்பளம், குடிநீர், மின் கட்டணம் போன்ற அத்தியாவசியச் செலவுகளுக்கு இரண்டாவது கையெழுத்தே தேவையில்லை, தணிக்கை போதும். உறுப்பினர்கள் எல்லாருமே ஒரு பக்கம் நின்று தீர்மானத்தையே தோற்கடிக்கும் ஊர்களுக்கு இந்த விலக்குதான் உயிர்நாடி.

நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டரிடமிருந்து எடுக்க வேண்டும். 2014 சட்டத்தின் கீழ் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. தலைவர் மீதான புகாரை அது போன்ற சுயேச்சையான அமைப்பு விசாரித்து முடிவு செய்யட்டும். கேரளத்தில் உள்ளாட்சிகளுக்கென்றே ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். கலெக்டர் புகார் கொடுக்கலாம், ஆவணம் கொடுக்கலாம். தீர்ப்பு அவர் எழுத வேண்டாம்.

இதில் எதற்கும் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை, டெல்லியைக் கேட்க வேண்டியதும் இல்லை. எல்லாம் சென்னையில் சட்டமன்றத்தில் முடிகிற வேலை. 2021 அக்டோபரில் தேர்தல் நடந்த காஞ்சிபுரம், செங்கல்பட்டு, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருநெல்வேலி, தென்காசி ஆகிய ஒன்பது மாவட்டங்களின் பதவிக்காலம் 2026 அக்டோபர் வரை. அதற்கு அடுத்து 2027 தொடக்கத்தில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளின் முறை. ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்த தேதிகள் இவை.